மாவிளக்கில் குழி விழுந்த கதை

அந்தக் காலத்தில் ஆடும் மாடும் வாய் திறந்து பேசும். சில ஆடுகள் பேச்சை நிறுத்தவே நிறுத்தாது. வேம்படி அம்மனுக்கு அப்போது கோயிலும் கிடையாது, கூரையும் கிடையாது. ஒரு வேப்பமரத்தடிதான். விளக்கு என்றால் மண் விளக்குதான். ஏற்றுவார்கள், கும்பிடுவார்கள், அணைந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அந்த ஊரில் செம்பாயி என்று ஒருத்தி. நாலு பேர் நின்றால் அவளுக்கு வாயே வராது. அவள் மகள் காத்தாயிக்கு அம்மை போட்டு உடம்பெல்லாம் முத்து. "ஆத்தா, பிள்ளைய எனக்கு விட்டுக்கொடு. தலைக்குத் தண்ணி ஊத்துற அன்னைக்கே, பொழுது சாயறதுக்குள்ள உனக்கு வெளக்கேத்துறேன்" என்று வேண்டிக்கொண்டாள். முத்து இறங்கியது. வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைப் பிள்ளைக்கு ஊற்றினாள்.

தண்ணீர் ஊற்றியதும் காத்தாயிக்குப் பசி வந்துவிட்டது. செம்பாயி ஊறவைத்த பச்சரிசியை இடித்து, வெல்லம் போட்டுப் பிசைந்து, ஒரு பெரிய உருண்டை பிடித்து அவள் கையில் கொடுத்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, விளக்கும் திரியும் நெய்யுமாகக் கிளம்பினாள்.

வழியில் ஒரு வெள்ளாடு. "செம்பாயி, கையில என்ன? நெய்யா? சும்மா மோந்து பாக்குறேன்."

"போ அங்கிட்டு!"

போகுமா? முட்டிக்கொண்டு வந்தது. விளக்கு விழுந்து மூன்று துண்டாகிவிட்டது.

"அட, மண்ணு இவ்வளவு எளப்பமா இருக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு ஆடு நழுவிவிட்டது.

குயவர் வீடோ ஆற்றுக்கு அந்தப் பக்கம். பொழுதோ பனைமர உயரத்துக்கு இறங்கிவிட்டது. சொன்ன சொல் தவறினால் முத்து திரும்பி வந்துவிடுமோ என்று செம்பாயி துண்டுகளை விட்டுவிட்டு நெய்யையும் திரியையும் மட்டும் எடுத்துக்கொண்டாள். மரத்தடிக்கு ஓடினாள்.

அங்கே எல்லோர் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. புருஷனுடைய அக்கா பொன்னரசி இவளைப் பார்த்துவிட்டாள். "என்ன புள்ள, வெறும் நெய்யோட வர்ற? வெளக்கு எங்க?"

"ஆடு, மதினி..."

"ஏன், உனக்குப் பதிலா ஆடு வந்து ஏத்துமோ?"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். செம்பாயி தலையைக் குனிந்தாள். குனிந்த இடத்தில் பிள்ளையின் கை. கையில் உருண்டை. காத்தாயி ஆசையாக ஒரு வாய் கடித்திருந்தாள். கடித்த இடம் கிண்ணம்போலக் குழிந்திருந்தது.

செம்பாயி யோசிக்கவில்லை. உருண்டையை வாங்கி அம்மன் முன்னால் வைத்தாள். குழியில் நெய் ஊற்றித் திரி போட்டாள். பக்கத்து விளக்கில் பற்றவைத்தாள். சுடர் நின்று எரிந்தது.

"அடிப்பாவி! எச்சிப் பண்டத்துலயா ஆத்தாளுக்கு வெளக்கு?" என்று கத்தினாள் பொன்னரசி. "பிள்ளைக்கு மறுபடி ஒண்ணுன்னா யாரைப் போய்க் கேப்ப?"

செம்பாயி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். அப்போது காற்றே இல்லாமல் வேப்பமரம் குலுங்கியது. அம்மன் சிரித்த சிரிப்பு அது.

"பெத்த பிள்ளை கடிச்சது தாய்க்கு எச்சியாடி பொன்னரசி? உன் மகன் மிச்சம் வச்ச பணியாரத்தைக் காலையில தின்னது யாரு?"

பொன்னரசி உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தனை காலமா வெளிச்சத்த மட்டும் காட்டிட்டுப் போறீங்களே, ஆத்தா நீ சாப்பிட்டியான்னு ஒருத்தி கேட்டீங்களா? இன்னைக்குத்தான் வெளக்கும் சோறும் ஒண்ணா வந்திருக்கு. செம்பாயி, இன்னும் கொண்டாருவியா?"

அத்தனை பேர் முன்னால் செம்பாயிக்கு வாய் வந்தது. "வெல்லத்தக் கூடுதலாப் போட்டே கொண்டாறேன் ஆத்தா!"

குலவைச் சத்தம் ஊரைத் தூக்கியது. சுடர் அடங்கியதும், நெய் ஊறிய சூட்டோடு முதல் துண்டு காத்தாயிக்கு. அடுத்ததாகக் கையை நீட்டியது பொன்னரசிதான்.

அன்று முதல்தான், அம்மனுக்கு மாவிளக்கு பிடிக்கிற பெண்கள் அதன் நடுவே பெருவிரலால் ஒரு குழி வைக்கிறார்கள், பிள்ளை கடிக்கிற அளவுக்கு. திரி அணையும்வரை பொறுக்காமல் ஓரத்தைக் கிள்ளித் தின்கிற பிள்ளையை எந்த அம்மாவும் அதட்டுவதுமில்லை.