அரசருக்குப் பதில் நடந்தவர்

"ராஜாவாக இருக்கிறவன் எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யக் கூடாதப்பா, ஆனால்…" என்று பெரிய ராஜா கடைசியாக ஏதோ சொன்னார். 'ஆனால்' வரை கேட்ட இளவரசர் திருமேனி அதற்குள் தூங்கிப்போனார். அந்தப் பாதியை வைத்துக்கொண்டே செம்மலைச் சீமையை இருபது வருஷம் ஆண்டார். அவருக்குப் பதிலாகக் கோயிலைச் சுற்ற ஒருவர், விரதம் இருக்க ஒருவர், மாமியார் வந்தால் சிரித்துப் பேச ஒருவர்.

இந்த வருஷம் மாட்டிக்கொண்டார்; விளக்கேற்றப் பதில் ஆள் செல்லாது என்று கோயிலார் சொல்லிவிட்டார்கள். கார்த்திகை விளக்கை அரசரே முந்நூறு படி ஏறி மலைமேல் ஏற்ற வேண்டும். ஏறாவிட்டால் அந்த மரியாதை மைத்துனருக்குப் போய்விடும். மைத்துனர் ஒத்திகையே ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி. அரசருக்கோ சிம்மாசனத்தின் மூன்று படி ஏறுவதற்குள் நடுவில் ஒரு டம்ளர் மோர் வேண்டியிருந்தது.

இன்னும் நாற்பது நாள் இருக்கிறது, தினமும் காலையில் இரண்டு நாழிகை நடந்து இருபது தண்டால் எடுத்தால் ஏறிவிடலாம் என்றார் அரண்மனை வைத்தியர்.

அரசர் யோசிக்கவே இல்லை. சபையில் சாதுர்யத்துக்குப் பேர்போன நாகலிங்கத்தைக் கூப்பிட்டார்.

"நாளையிலிருந்து எனக்குப் பதிலாக நீ நட. உன் நடை என் நடை." அதை ஓலையில் எழுதி முத்திரையும் குத்திவிட்டார்.

மறுநாள் மத்தியானம் நெய்ச்சோறும் பால்கொழுக்கட்டையும் அரசரைத் தாண்டிப்போய் நாகலிங்கத்தின் இலையில் இறங்கின. அரசர் முன்னால் ஒரு சட்டி கேழ்வரகுக் கூழ் வந்தது. இது என்ன என்று கேட்டார்.

"நடந்தது உங்கள் நடை, மகாராஜா. அதனால் வந்த பசியும் உங்கள் பசிதானே? அதற்குத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் என் சார்பில் உட்கார்ந்திருந்தீர்கள் இல்லையா, அதற்கு என் வீட்டிலிருந்து வந்த கூழ் அது. வெங்காயம் கடித்துக்கொள்ளுங்கள்."

தன் முத்திரையைத் தானே மீற முடியுமா? அரசர் வெங்காயத்தைக் கடித்தார். ராத்திரி கால் பிடித்துவிடுகிறவர்களும் நாகலிங்கம் வீட்டுக்கே போனார்கள். வலித்த கால் அங்கேதான் இருந்தது.

எட்டாம் நாள் அரசருக்குப் பொறுக்கவில்லை. சபையிலேயே கேட்டுவிட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும். இவ்வளவு நடந்தாயே, என் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது?"

"உங்கள் உடம்பா? அமோகமாக இருக்கிறது, மகாராஜா. மூட்டுவலி போயே போச்சு. படுத்ததும் தூங்கிவிடுகிறது. நேற்று முந்நூறு படியையும் ஏறி, மேலே நின்று ஒரு பாட்டு வேறு பாடியது." நாகலிங்கம் பெருமூச்சு விட்டார். "என் உடம்புதான், பாவம், சிம்மாசனத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறது."

வைத்தியர் அங்கவஸ்திரத்தால் வாயைப் பொத்திக்கொண்டார். அரசர் முதலில் முறைத்தார். அப்புறம் சிரித்தார்; சிரித்ததற்கே மூச்சு வாங்கியது. கழுத்து மாலையைக் கழற்றி நாகலிங்கத்துக்குப் போட்டார். நடப்பதற்குச் செருப்பைத் தேடி எடுத்து வைக்கச் சொன்னார்.

மறுநாள் காலையிலிருந்து தானே நடப்பது என்றும், கூழை மட்டும் நிறுத்த வேண்டாம் என்றும் உத்தரவிட்டார்.