பட்டியில் அடைபட்ட விகடன்

நான் இசக்கிராஜ், மஸ்கட்லேருந்து பேசுதேன். அக்கா, பாப்பா கதை கேக்கான்னு சொன்னியல்லா, பேசி அனுப்புதேன், போனே எழுத்தா ஆக்கிரும். போன் தப்பா எழுதிருந்தா திருத்தி வாசிச்சுக் காட்டு.

முன்னொரு காலத்தில், பெயர் மறந்துபோன ஒரு நாட்டில், கடல் தாண்டி வந்த விகடன் ஒருவன் இருந்தான். அரண்மனையே அவன் பேச்சுக்குச் சிரித்தது. சபை கலைந்ததும் அவனோடு உட்கார்ந்து சோறு தின்ன ஒருவரும் இல்லை. ‘விகடா, விகடா’ என்றே கூப்பிட்டுப் பழகியவர்கள், அவன் பெயர் என்னவென்று கேட்கவே இல்லை.

ஒருநாள் ‘மீட்டல்’ என்ற சொல்லுக்குப் புலவர்கள் பொருள் சொல்லிச் சொல்லி அரசருக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

“விகடா! நீ சொல்ல வேண்டாம். நாளைக்குள் எனக்கே நடத்திக் காட்டு!”

பொறாமைக்கார மந்திரி குணபாலர் எழுந்தார். “அரசே, தாங்கள் எதையுமே இழந்ததில்லை. இவன் எதை மீட்டுக் காட்டுவான்? தோற்றால் இனி இந்தச் சபையில் வாயே திறக்கக் கூடாது.”

“அப்படியே ஆகட்டும்” என்றார் அரசர்.

சபையில் பேசும் அந்த நேரத்தை விட்டால் விகடனுக்குப் பேச்சுத்துணை ஏது?

மறுநாள் அவனைக் காணவில்லை. லாயத்தில் இல்லை, குளக்கரையில் இல்லை. அரசருக்குச் சோறு இறங்கவில்லை. மந்திரியையும் கூட்டிக்கொண்டு தாமே தேடிப் புறப்பட்டார். கடைசியில், தெருவில் திரியும் மாடுகளை அடைக்கும் பட்டியில், வைக்கோல்மேல் விகடன் உட்கார்ந்திருந்தான்.

பட்டிக்காரன் குறுக்கே நின்றான். “சாமி, நீங்க போட்ட சட்டந்தானே. தொலைச்சவங்க நேர்ல வந்து பேர் சொல்லிக் கூப்பிடணும். அது எந்திரிச்சு வந்தாத்தான் ஓட்டிட்டுப் போகலாம்.”

“விகடா!”

அசையவில்லை.

“கோமாளி!”

ம்ஹூம்.

“டேய்!” என்று மந்திரி கத்தினார். மூலையில் நின்ற கழுதை பதிலுக்குக் கத்திக்கொண்டே அவரிடம் ஓடிவந்தது.

“அது உங்களுதாங்கய்யா? ஓட்டிட்டுப் போங்க” என்றான் பட்டிக்காரன்.

அரசர் சிரிக்கவில்லை. வேலியருகே குனிந்தார். “உன் பேர் என்னப்பா?”

சொல்லி வெகுகாலமானதால் நாக்கு தடுமாறியது. “தில்லையாண்டி, அரசே.”

“தில்லையாண்டி, வாப்பா.”

எழுந்து வந்தான். “நேற்றுவரை தாங்கள் எதையும் இழக்கவில்லை. இன்று என்னை இழந்தீர்கள், தேடினீர்கள், பேர் சொல்லி அழைத்தீர்கள். மீட்டல் என்பது இவ்வளவுதான், அரசே.”

அப்போதுதான் அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். “என்ன வேண்டும், கேள்!”

“தினம் ஒருமுறை இப்படிக் கூப்பிட்டால் போதும்.”

அன்று அரசர் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட்டார். கழுதை மந்திரி வீட்டுக்குப் போனது.

கதை அவ்வளவுதான்க்கா. இங்க என்னைய பேட்ஜ் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுதாங்க. பாப்பாவ ‘இசக்கி மாமா’ன்னு கூப்பிட்டு ஒரு வாய்ஸ் அனுப்பச் சொல்லு.