மினுக்கி அணிலும் பூப்பின்னல் திரையும்

ஏரிக்கரை நாவல் மரத்துப் பொந்தில் மினுக்கி என்று ஓர் அணில் இருந்தாள். பக்கத்துப் பூவரச மரத்தில் தையல்சிட்டு ஒருத்தி, இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருந்தாள். கீழே புதரடியில் தவிட்டுக்குருவிகள், அக்கா தங்கை ஏழு பேர், விடிந்தது முதல் அடைகிறவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இரை பொறுக்குவார்கள்.

மினுக்கிக்கு அந்தக் கரையில் தனி மவுசு. அழகுக்காக இல்லை. முதுகில் மூன்று கோடு எல்லா அணிலுக்கும்தான் இருக்கிறது! அவள் பொந்து வாசலில் ஒரு திரை தொங்கியது. கற்றாழை நாரை மெல்லிசாகக் கிழித்து, கண் கண்ணாக இடம் விட்டு, நடுவில் பூவும் ஓரத்தில் வளைவும் வைத்துப் பின்னிய திரை. மனிதர்கள் லேஸ் என்பார்களே, அது மாதிரி. கரையில் அதற்குப் பூப்பின்னல் என்று பெயர். அதன் வழியாகக் காற்று உள்ளே வரும், காக்கையின் மூக்கு உள்ளே வராது.

பார்க்க வருகிறவர்கள் வாசலோடு நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். தொடக் கூடாது.

"யார் அக்கா பின்னினது?" என்று கேட்டால், மினுக்கி வாலைத் தூக்கி முதுகில் போட்டுக்கொள்வாள். "எங்க குடும்பத்துக் கைவேலை! வேற யாருக்கு வரும்?" என்பாள்.

பச்சைப் பொய்! அவள் அந்தப் பொந்துக்குக் குடிவந்த அன்றே திரை அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. முன்னால் இருந்தது யாரோ, எங்கே போனார்களோ, அவளுக்கே தெரியாது. கரையில் வேறு ஒருவருக்கும் பின்னத் தெரியாது. தூக்கணாங்குருவி யாராவது அங்கே இருந்திருந்தால் எப்படியாவது கண்டுபிடித்துச் சொல்லியிருப்பார்கள். நல்லவேளை, இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சொல்ல இந்தக் கதை ஏது?

அந்தக் கோடையில் ஓர் அண்டங்காக்கை கரைக்கு வந்து சேர்ந்தது. சரியான தின்னிப்பண்டாரம். புறா கூட்டில் முட்டை போயிற்று. மைனா கூட்டில் குஞ்சு போயிற்று. அடுத்தது தன் கூடுதான் என்று தையல்சிட்டு பயந்தாள். அவள் கூட்டில் மூன்று முட்டைகள் இருந்தன. வாயை இலை போட்டு மூடினால் உள்ளே புழுங்கிப் போகும். திறந்து விட்டாலோ காக்கை மூக்கை நீட்டும்.

அவள் நேராக மினுக்கியிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, அக்கா! எனக்கும் பூப்பின்னல் சொல்லிக்கொடேன்! உனக்குப் புண்ணியமாப் போகும்!"

மினுக்கி கொறித்துக்கொண்டிருந்த கொட்டையைக் கீழே போட்டுவிட்டாள். ஏழு தவிட்டுக்குருவிகளும் வேறு சுற்றி நின்று பார்க்கிறார்களே! தெரியாது என்று எப்படிச் சொல்வாள்?

"அதுக்கென்ன, சொல்லிக்கொடுத்தாப் போச்சு!" என்றாள்.

மறுநாள் காலை பாடம் ஆரம்பித்தது. மினுக்கி திரைக்கு வெளியே உட்கார்ந்து, வாலால் சுட்டிக் காட்டிக் காட்டிச் சொன்னாள். "இங்கே ஒரு கண்ணு. அங்கே ஒரு கண்ணு. இப்படி வளை. ம், அப்படித்தான்! கோத்து இழு!"

சிட்டு கெட்டிக்காரி. இலையைத் தைத்த மூக்கு, நாரைச் சுலபமாகக் கோத்தது. ஆனாலும் ஓர் இடத்தில் நின்றாள்.

"பின்பக்கம் எப்படிக் கட்டணும் அக்கா?"

"பின்பக்கத்துல என்னடி இருக்கு? அதை யார் பார்க்கப் போறா?"

"உள்ளே போய் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடட்டுமா?"

"ஐயோ, உள்ளே குட்டிங்க தூங்குதுடி! எழுப்பினா இன்னைக்கு முழுக்க என் உயிரை வாங்கிடும்!"

குட்டிகள் தூங்கியது உண்மை. ஆனால் மினுக்கி தடுத்தது அதற்காக இல்லை. தினமும் அந்தத் திரையின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டுதான் படுக்கிறாள், எழுந்திருக்கிறாள். ஒரு நாளாவது உற்றுப் பார்த்தாளா? இல்லை. அந்தப் பக்கம் முண்டும் முடிச்சுமாக அவலட்சணமாக இருக்கும். அதைச் சிட்டு பார்த்தால் தன் மவுசு குறைந்துவிடும் என்று நினைத்தாள்.

சிட்டின் திரை தயாரானது. கண் இருந்தது, வளைவு இருந்தது, பூகூட இருந்தது!

"அடி ஆத்தி! அப்படியே அச்சு அசல்!" என்று தவிட்டுக்குருவிகள் கத்தினார்கள். மினுக்கிக்குக்கூட ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்துவிட்டது. 'பரவாயில்லையே, எனக்கு வேலை தெரியும் போலிருக்கே!' என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் அண்டங்காக்கை வந்தது. சிட்டின் கூட்டு வாயில் மாட்டியிருந்த திரையை ஒரே ஒரு கொத்துக் கொத்தியது. அவ்வளவுதான்! கண்கள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று உருவிக்கொண்டு, திரை முழுவதும் வெறும் நாராகத் தரையில் விழுந்தது. சிட்டும் அவள் புருஷனும் பறந்து பறந்து கொத்தினார்கள், கத்தினார்கள். என்ன செய்து என்ன? ஒரு முட்டையைத் தூக்கிக்கொண்டு காக்கை போய்விட்டது.

மினுக்கி பொந்துக்குள் போய் வாலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிட்டு வந்து திட்டுவாள், திட்டட்டும் என்று காத்திருந்தாள்.

சிட்டு வந்தாள். திட்டவில்லை. வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

"உன் மேல தப்பு இல்ல அக்கா. நீ நல்லாத்தான் சொல்லிக்கொடுத்தே. என் மூக்குக்குத்தான் பதம் வரலை. இன்னும் ரெண்டு முட்டை இருக்கு. இன்னொரு தடவை சொல்லிக்கொடு. இந்தத் தடவை கவனமாக் கத்துக்கிறேன்."

திட்டியிருந்தால் மினுக்கி பதிலுக்குத் திட்டியிருப்பாள். சிட்டு தன்னையே நொந்துகொண்டு அழுவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திரையை விலக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தாள்.

"சிட்டு! நான் ஒரு பொய்க்காரிடி! இதை நான் பின்னலை. எங்க குடும்பத்துல யாருமே பின்னலை. நான் குடிவந்தபோதே இது இங்கே தொங்கிக்கிட்டிருந்தது! எனக்கு ஒண்ணுமே தெரியாது. என் வாயால உன் முட்டை போச்சு!"

தவிட்டுக்குருவிகள் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வாயை மூடினார்கள்.

சிட்டுக்குக் கோபம் வந்தது, வராமல் இருக்குமா? ஆனால் கூட்டில் இரண்டு முட்டை இருக்கிறதே! கோபப்பட நேரம் இல்லை.

"யாரோ ஒருத்தர் பின்னியிருக்காங்க இல்ல?" என்றாள் கடைசியில். "பின்னினதைப் பிரிக்கவும் முடியும். பிரிச்சுப் பார்த்தாத் தெரிஞ்சுடும். இப்பவாவது உள்ளே விடுவியா?"

மினுக்கி வழி விட்டாள். சிட்டு உள்ளே போனாள். போன வேகத்தில் அவள் குரல் கேட்டது.

"அக்கா! இங்கே வந்து பாரேன்! ஒவ்வொரு கண்ணுக்கும் பின்னாடி ஒரு முடிச்சு இருக்கு! நார் தன்னைத் தானே கவ்விப் பிடிச்சிருக்கு!"

அழகு எல்லாம் வெளியே, பிடிமானம் எல்லாம் உள்ளே! அதைத் தினமும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள் மினுக்கி!

ஆனால் முடிச்சு எப்படிப் போட்டது என்று பார்த்தவுடனே தெரியவில்லை. இறுகிக் கிடந்தது. பிரித்தால்தான் தெரியும். நாரோ பழசு. பிரித்தால் பொடிப்பொடியாகப் போகும், திரும்பக் கட்ட முடியாது. ஓரத்து முடிச்சு ஒரு மாதிரி, கண்ணின் முடிச்சு ஒரு மாதிரி, பூவின் முடிச்சு இன்னொரு மாதிரி. எல்லாம் தெரிய வேண்டுமானால் திரை முழுவதையும் பிரிக்க வேண்டும்.

மினுக்கி வெளியே எட்டிப் பார்த்தாள். எதிர்க் கிளையில் அண்டங்காக்கை உட்கார்ந்து மூக்கைத் தீட்டிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தாள். குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. கரையிலேயே அவளுக்கு இருந்த பெருமை அந்தத் திரை ஒன்றுதான். குட்டிகளுக்குக் காவலும் அது ஒன்றுதான்.

"வேண்டாம் அக்கா," என்றாள் சிட்டு மெல்ல. "உன் குட்டிங்களும் குழந்தைங்கதானே."

அப்போது தவிட்டுக்குருவிகளில் மூத்தவள் குதித்துக் குதித்து முன்னால் வந்தாள்.

"திரைதானே வேணும்? நாங்க இல்லையா?"

ஏழு பேரும் பொந்து வாசலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, மூக்கை வெளியே நீட்டி உட்கார்ந்தார்கள். காற்று நுழையக்கூட இடம் இல்லை!

"நகருடி, என் காலை மிதிக்கிறே!"

"உன் கால் எதுக்கு என் பக்கம் வந்துச்சு?"

"காக்கை பார்க்குது, எல்லாரும் முறைங்க!"

மினுக்கி பல்லைக் கடித்துக்கொண்டாள். திரையை உள்ளே இழுத்துப் போட்டாள். முதல் முடிச்சை அவளே நகத்தால் நெகிழ்த்தினாள்.

"இது மேலேயிருந்து கீழே போகுது. அப்புறம் தன்னையே ஒரு சுத்து. அப்புறம் கண்ணு வழியா வெளியே!"

"நீ பிரிக்கிறதைத் தலைகீழாப் போட்டா எனக்கு முடிச்சு!" என்றாள் சிட்டு. புது நாரில் போட்டாள். நின்றது! இழுத்தாள். நின்றது! இரண்டு பேரும் கத்திய கத்தலில் குட்டிகள் விழித்துக்கொண்டன.

கூட்டில் சிட்டின் புருஷன் முட்டைமேல் உட்கார்ந்துகொண்டான். மினுக்கி பிரிக்கப் பிரிக்க, சிட்டு போட்டுக்கொண்டே வந்தாள். மரச்சுவரில் முள்ளைக் குத்தி அதில் நாரை மாட்டினார்கள். நார்கள் சிக்கிக்கொண்டபோது, மினுக்கி ஒவ்வொரு நுனியையும் ஒரு சுள்ளியில் சுற்றித் தொங்கவிட்டாள். அந்த யோசனை அவளுடையது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை! சுள்ளிகள் ஒன்றோடு ஒன்று தட்டிக் கடகடவென்று சத்தம் போட்டன. குட்டிகளுக்கு அது கிலுகிலுப்பை ஆயிற்று.

காக்கைக்கு இப்போது சிட்டின் முட்டை ஞாபகமே இல்லை. உள்ளே கொழுத்த குட்டிகள் அல்லவா இருக்கின்றன! பாய்ந்து வந்தது. ஏழு மூக்குகள் ஒரே நேரத்தில் கொத்தின. ஏழு வாய்கள் ஒரே நேரத்தில் வைதன. மூத்தவளுக்கு இறகு ஒன்று போயிற்று. "போனாப் போகட்டும், அது பழைய இறகுதான்!" என்றாள். காக்கை எதிர்க் கிளைக்கே திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் பழைய திரை முழுவதும் பொடி நாராகிவிட்டது. புதுத் திரை ஒன்று முடிந்திருந்தது.

ஒன்றே ஒன்றுதான். சிட்டு அதைப் பொந்து வாசலில் மாட்டப் போனாள்.

"எங்கேடி மாட்டுறே?" என்று அதட்டினாள் மினுக்கி. "எனக்குத்தான் ஏழு பேர் காவல் இருக்காங்களே! உன் கூட்டுக்குக் கொண்டு போ. சீக்கிரம்!"

அடுத்த நாள் காலையில் காக்கை பூவரச மரத்துக்குப் போனது. ஒரு கொத்து. திரை அசையவில்லை. இன்னொரு கொத்து. மூக்கு நுனி ஒரு கண்ணுக்குள் போய் மாட்டிக்கொண்டது! இழுக்கிறது, உதைக்கிறது, தலைகீழாகத் தொங்குகிறது. ஒருவழியாக மூக்கைப் பிடுங்கிக்கொண்டு, "ச்சீ, இதுவும் ஒரு கரையா!" என்று சொல்லிவிட்டு ஏரியைத் தாண்டிப் பறந்தது. அப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

இரண்டு முட்டையும் பொரிந்தன. சிட்டு புறாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள், மினுக்கி மைனாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். தவிட்டுக்குருவிகள் பாதி கேட்டுக்கொண்டு பாதி பேசிக்கொண்டே கற்றார்கள். கரையில் கூட்டுக்குக் கூடு பூப்பின்னல் வந்துவிட்டது. மைனா பூவுக்குப் பதில் மீன் பின்னினாள். புறாவுக்குப் பூ வரவே இல்லை, வெறும் கண்ணாகவே பின்னினாள், அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

மினுக்கிக்கு எல்லோரும் சேர்ந்து ஒரு திரை பின்னிக் கொடுத்தார்கள். தவிட்டுக்குருவிகள் போட்ட மூலை மட்டும் கொஞ்சம் கோணல். மினுக்கி அந்தக் கோணலைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு திரையை வாசலில் மாட்டினாள்.

ஒரு நாள் அக்கரையிலிருந்து வந்த மீன்கொத்தி ஒருத்தி அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன அக்கா, திரையைத் திருப்பி மாட்டியிருக்கே? முடிச்செல்லாம் வெளியே தெரியுது, பூ உள்ளே போயிடுச்சே!"

"தெரியணும்னுதான் மாட்டியிருக்கேன்," என்றாள் மினுக்கி. "கிட்ட வா. தொட்டுப் பாரு. உனக்கும் ஒண்ணு பின்னணுமா?"

தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லிப் பெருமைப்படுவதைவிட, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு எல்லோரோடும் சேர்ந்து கற்றுக்கொள்வதே நம் வீட்டையும் காக்கும், ஊரையும் காக்கும்.