ஏகாதசியில் உடைந்த பல்

மருதங்கோட்டை ராஜா விருப்பாட்சிராயருக்கு நாடு, நகரம், கோட்டை, கொத்தளம் எல்லாம் சொந்தம். பல் மட்டும் யானையிடம் வாங்கிய இரவல். வயதாகி வாயில் இருந்ததெல்லாம் உதிர்ந்துபோன பிறகு, மாசாணம் ஆசாரி யானைத் தந்தத்தில் மேலுக்கும் கீழுக்குமாக இரண்டு வரிசை செதுக்கி, தங்கக் கம்பியால் பிணைத்துக் கொடுத்திருந்தார்.

ராஜாவுக்கு விரதம் என்றால் உயிர். ஏகாதசி வந்தால் ஊரே பட்டினி கிடக்க வேண்டும். அன்று எதையாவது வாயில் போட்டவனுக்குச் சவுக்கடி. மறுநாள் துவாதசி காலையில் ராஜா சபைக்கு வந்து, எல்லார் முன்னாலும் ஒரு நெல்லிக்காயைக் கடித்துத் தின்பார். அதற்குப் பிறகுதான் ஊரில் அடுப்பே பற்றவைக்கலாம்.

அந்தத் துவாதசியன்று நெல்லிக்காய் வெள்ளித் தட்டில் தயாராக இருந்தது. பல் தயாராக இல்லை.

ராஜா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணம். ராத்திரி இரண்டு வரிசையையும் கழற்றி அதில் வைத்தாராம். விடிந்து பார்த்தால் கீழ்வரிசை இரண்டாகப் பிளந்து கிடந்ததாம். பேச்சில் சொல்லைவிடக் காற்றே அதிகம் வந்தது. கோபம் மட்டும் தெளிவாக வந்தது.

நெல்லிக்காயை இடித்துக் கொடுத்தால் என்ன என்று ராணி கேட்டுப் பார்த்தாள். கடித்துத்தான் ஆகவேண்டும், பரம்பரை வழக்கம் என்று புரோகிதர் சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் வயிறும் ஏதோ சொன்னது.

தளவாய் வீரபாகு எழுந்தார். அவருடைய மைத்துனனும் தந்த வேலைக்காரன். அரண்மனை வேலை கிடைக்காமல் சும்மா இருந்தான். யாரும் தொடாமலே பல் உடைந்தது என்றால் வேலை மட்டம் என்றுதான் அர்த்தம், மகாராஜாவுக்கு மட்டமான பல் செய்வது துரோகம் என்று அவர் நீட்டி முழக்கினார். ராஜா தலையாட்டித் தீர்ப்புச் சொன்னார்.

"யாருடைய குற்றத்தால் இந்தப் பல் உடைந்ததோ, அவன் வாயில் ஒரு பல்கூட இருக்கக் கூடாது. முதலில் அது நடக்கட்டும். பிறகு பழுது பார்க்கலாம்."

தளவாய் முன்யோசனைக்காரர். பல் பிடுங்க ஒரு குறடும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

மாசாணம் உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றார். முழுக் கரும்பைப் பல்லாலேயே உரித்துத் தின்கிற மனுஷன் அவர். ராஜாவுக்கு யோசனை சொல்லும் ஆவுடையப்பனுக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, கிண்ணத்திலிருந்த இரண்டு துண்டுகளையும் எடுத்துப் பார்த்தார்.

கம்பி உறுதியாகத்தான் இருந்தது. பிளவுக்குள் மட்டும் பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். சுக்கு. வறுத்த பயறு. வெல்லப் பாகு. பொருள்விளங்கா உருண்டை. மாதக்கணக்கில் கெடாது, அதை உடைக்க வீட்டில் அம்மிக்குழவியைத் தேடுவார்கள். அரண்மனையில் அது ஒரு ஜாடி நிறைய இருந்தது. ஜாடி இருந்த உக்கிராண அறைக்கு ராஜாவின் படுக்கையறையிலிருந்து ஒரு சின்னக் கதவும் இருந்தது.

ஆவுடையப்பன் துண்டுகளைக் கீழே வைத்தார். நேற்று ஏகாதசி. உண்மையைச் சொன்னால் ராஜாவின் மானம் போகும், கூடவே தன் தலையும் போகும். சொல்லாவிட்டால் மாசாணத்தின் பல் போகும். அவருக்கோ மூன்றும் வேண்டியிருந்தன.

"ஆசாரி, இதைச் சரிசெய்ய நேரமாகுமா?"

"துளை போட்டுக் கம்பி கட்டினா, துவாதசி முடியறதுக்குள்ள ஆயிடும் சாமி. ஆனா கம்பியப் பல்லால கடிச்சு இழுத்துத்தான் முறுக்கணும்."

"என் மைத்துனனுக்குப் பல் இருக்கிறது" என்றார் தளவாய்.

ஆவுடையப்பன் ராஜாவை வணங்கினார்.

"மகாராஜா, தீர்ப்பில் ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டாம். நான் விசாரித்துவிட்டேன். தண்டனை நிறைவேறிவிட்டது. குற்றவாளியின் வாயில் இப்போது ஒரு பல்கூட இல்லை. பழுது பார்க்க ஆரம்பிக்கலாம்."

சபையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் பல் தெரியும் என்ற பயம்.

தளவாய்க்கு மட்டும் விளங்கவில்லை. "யார் அந்தப் போக்கிரி? சபைக்குக் காட்டும்."

"காட்டலாம், தளவாய் அவர்களே. மகாராஜா உத்தரவிட்டால், சபையில் இருக்கிற எல்லாரும், பெரியவர் சின்னவர் பார்க்காமல், வாயைத் திறந்து காட்டட்டும்."

"வேண்டாம்" என்றார் ராஜா. அந்த ஒரு சொல் காற்றில்லாமல் வந்தது.

பிறகு ஆவுடையப்பனை வெகுநேரம் பார்த்தார். துண்டை வாயில் அழுத்திக்கொண்டார். தோள் குலுங்க ஆரம்பித்தது, அப்புறம் வயிறு, அப்புறம் சிம்மாசனம். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபடி கிண்ணத்தை மாசாணத்தின் பக்கம் தள்ளினார்.

மாசாணம் துளை போட்டார், கம்பியைத் தன் சொந்தப் பல்லால் இழுத்து முறுக்கினார், அரத்தால் தேய்த்து ராஜாவின் வாயில் பொருத்தினார். நெல்லிக்காய் நறுக்கென்று கடிபட்டது. ஊரெல்லாம் அடுப்பு புகைந்தது.

ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஆவுடையப்பனுக்குப் போட்டார். பல் வந்ததும் குரலும் கம்பீரமாக வந்தது.

"நீதிக்காகத் தளவாயும் இவ்வளவு பாடுபட்டார். அவரை வெறும் வயிற்றோடு அனுப்பலாமா? உக்கிராணத்தில் ஒரு ஜாடி இருக்கிறது. எடுத்து வாருங்கள். தளவாயே, இங்கேயே, என் கண்முன்னால் சாப்பிடும்."

ஜாடி வந்ததும் ராஜாவே ஓர் உருண்டையை எடுத்து நீட்டினார். அரசர் கையால் கொடுத்ததை மறுக்க முடியுமா? தளவாய் பூரித்துப்போனார். பசி வேறு. உருண்டையை முழுசாக வாயில் போட்டு ஓங்கிக் கடித்தார்.

சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. தளவாய் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் பார்த்தார். அவர் கண் மைத்துனனைத் தேடவில்லை.

கருவிப் பெட்டியை மூடப் போன மாசாணம், அதைத் திறந்தே வைத்துக்கொண்டார்.