தீவுக்குப் போன கேள்வி

மீன்பிடித் துறைமுகத்துச் சங்கு கொஞ்ச நாளாகச் சொன்னதும் ஊதுவதில்லை. பொத்தானை அமுக்கினால் கால்மணி நேரம் கழித்துத்தான் சத்தம் வரும். புயல் அதுவரை நிற்குமா?

சங்கை ஊதவைக்கும் புரோகிராம் நவமணியின் பொறுப்பு. அன்றைக்குத் தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் தம்பி வள்ளத்தோடு கடலில் இருந்தான்.

மச்சாது சாரைக் கூட்டிவந்தாள். புரோகிராமை எழுதியவர் அவர். அவளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரும் அவரே.

"வரிக்கு வரி படிச்சிட்டேன் சார். நடுநடுவுல 'இங்க வந்தாச்சு'ன்னு எழுதவச்சு, திரும்பக் கம்பைல் பண்ணி, என் மேசையில ஓட்டியும் பாத்தேன். அங்க உடனே ஊதுது."

"அப்போ உன் மேசையைத் தூக்கிக் கடற்கரையில வையி."

"இங்க ஓடுறதை நிறுத்திட்டு, என் மேசையில ஓட்டுனதை ஏத்தட்டுமா?"

"கோளாறு என்னன்னு தெரியுமா?"

"தெரியாது."

"தள்ளு."

உட்கார்ந்தார். ஒரே ஒரு வரி தட்டினார். ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் ஓடிக்கொண்டே இருந்தது. அது எந்தெந்த வேலையைக் கூப்பிடுகிறதோ, அதன் பெயர் மட்டும் திரையில் விழத் தொடங்கியது.

"நிறுத்தாமலே பாக்கலாமா சார்?"

"மூச்சை நிறுத்திட்டா நாடி பாப்பாங்க? பொத்தானை அமுக்கு."

அமுக்கினாள். பெயர்கள் விழுந்தன. நேரத்தைப் பார். காற்றைப் பார். லிகோரியைக் கேள்.

அங்கேயே நின்றது. சங்கு வாய் திறக்கவில்லை. வெளியே தகரக்கூரை படபடத்தது.

"லிகோரி ஏதோ மெஷின்னுல்லா நினைச்சேன். யாரு சார்?"

"தீவுல, காத்தளக்குற குடிசையில இருந்தான். இங்கேருந்து கேட்டா, அலையை எட்டிப் பாத்துட்டு 'ஊது'ன்னு விசையைத் தட்டுவான். குழம்பு கொதிச்சாலும் இறக்கிவச்சிட்டு ஓடியாருவான். அப்புறம் அடிப்பிடிச்சிட்டுன்னு என்னைத்தான் ஏசுவான்."

"இப்போ?"

"குடிசையும் இல்ல. அவனும் இல்ல. கம்பி மட்டும் கிடக்கு. அது இருக்கிறவரை கால்மணி நேரம் அவன் பதிலுக்குக் காத்துட்டுத்தான் தானா ஊதும். உன் மேசையில அதுவும் கிடையாது. அதான் அங்க காத்திருக்கல."

எழுந்துபோனார். சுவரோரம் கறுப்புக் கம்பி ஒன்று தூசிபடிந்து கிடந்தது. அதைக் கையில் பிடித்தபடி சற்று நின்றார்.

"சார், தம்பி..."

பிடுங்கினார்.

சங்கு ஊதியது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தூரத்தில் ஒரு வள்ளம் கரைப்பக்கம் திரும்பியது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் எல்லாமே.

நவமணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த 'லிகோரியைக் கேள்' வரியை எத்தனை தடவை வாசிச்சேன் சார். தப்பே தெரியலையே."

கம்பியைச் சுருட்டி மேசைமேல் வைத்தார் மச்சாது.

"தப்பில்ல. நான் எழுதுறப்ப அவன் பதில் சொல்லிட்டிருந்தான்."