ஜெபத்துக்கு நடுவில்

வேதமுத்து சார் பெரிய பள்ளியின் தலைமையாசிரியர். ஆயிரத்து நானூறு பிள்ளைகள். நாற்பத்தொரு ஆசிரியர்கள். அவர் அறைச் சுவரில் பதினொரு சான்றிதழ்கள் தொங்கின. எல்லாம் தலைமைத்துவப் பயிற்சிகளுக்குப் போய் வாங்கியவை. ஒவ்வொன்றுக்கும் கண்ணாடிச் சட்டம்.

ஐம்பத்து நான்காவது வயதில் பன்னிரண்டாவது பயிற்சி வந்தது. அதற்குச் சான்றிதழ் கிடையாது.

தாளாளர் கூப்பிட்டுச் சொன்னார்.

"ரெண்டு வருஷத்துல மூணு நல்ல ஆசிரியர் உம்மை விட்டுட்டு வேற பள்ளிக்குப் போயிட்டாங்க. இப்ப கெமிஸ்ட்ரி சுகிர்தா டீச்சரும் ராஜினாமாக் கடிதம் கொடுத்திருக்காங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கேன். அவங்களும் போனா, நீர் அந்த நாற்காலியை விட்டு எழும்பி வகுப்புக்குப் போம்."

"நான் என்ன செய்யணும் ஐயா?"

"நம்ம சின்னப் பள்ளித் தலைமையாசிரியை தெபோராள் டீச்சர்கிட்டப் போய் இரும். பத்தொன்பது வருஷமா அங்க இருந்து ஒருத்தரும் போகல."

"அது நடுநிலைப்பள்ளி ஐயா. ஏழே ஏழு ஆசிரியர்."

"அதனால?"

சார் போனார்.

தெபோராள் டீச்சரின் பள்ளி தேரிக்காட்டு ஓரத்தில் இருந்தது. காற்றடித்தால் செம்மண் வகுப்புக்குள் வந்து உட்காரும். டீச்சர் வேதமுத்து சாரை விட ஐந்து வயது இளையவர். சாருக்கு அதுவும் உறுத்தியது.

திங்கட்கிழமை காலை ஆசிரியர்கள் ஏழு பேரும் வட்டமாக நின்றார்கள். தெபோராள் டீச்சர் கண்ணை மூடினார்.

"பிதாவே, ஜெர்மியாஸ் சார் ஏழாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கைப் புரிய வச்சுட்டார். முழு வகுப்புக்கும். எமீமாள் டீச்சர் அந்த ரெண்டாம் வகுப்பு ஆபேலை வாய் திறந்து வாசிக்க வச்சுட்டாங்க. வெள்ளிக்கிழமை நானே உக்காந்து கேட்டேன். எங்க டீச்சர்மார் இப்படிப்பட்டவங்க. பாத்துக்கிடும். ஆமென்."

அவ்வளவுதான். எல்லாரும் வகுப்புக்குப் போனார்கள். கொஞ்சம் நிமிர்ந்து நடந்த மாதிரி இருந்தது.

வேதமுத்து சாருக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன டீச்சர், ஆண்டவர்கிட்டயே பெருமை அடிக்கிறீங்க?"

"பின்ன, பக்கத்துப் பள்ளிக்கூடத்துல போயா அடிக்க?"

சார் டைரியைத் திறந்தார். பேனாவைத் திறந்தார்.

"ஆசிரியர்களைத் தக்கவைக்க நீங்க என்ன வழிமுறை வச்சிருக்கீங்க?"

"உங்க ஸ்டாஃப் மீட்டிங் என்னைக்கு?"

"புதன்கிழமை."

"வர்றேன்."

"நான்தானே உங்ககிட்டப் படிக்க வந்தேன்?"

"அதான் வர்றேங்கேன். டைரியை மூடுங்க, மண்ணு விழுது."

புதன்கிழமை டீச்சர் வந்தார். பெரிய பள்ளியின் கூடத்தில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

வேதமுத்து சார் எழுந்தார். எல்லாரும் எழுந்தார்கள். சார் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

"பரலோக பிதாவே, இந்த நல்ல நாளுக்காக உமக்கு ஸ்தோத்திரம். கர்த்தாவே, மணி அடித்த பின்பு வாசலைக் கடந்து வருகிற சிலர் எங்கள் நடுவில் உண்டு. அவர்களுக்கு உணர்வுள்ள இருதயத்தைத் தாரும். ஆய்வகத்தில் பொருள்களை உடைக்கிற கைகளுக்குப் பொறுப்பைத் தாரும். ஒழுங்கான காலணி அணியாமல் மைதானத்தில் நிற்கிறவர்களுக்கு ஒழுக்கத்தைக் கற்றுத்தாரும். ஓய்வறையில் அமர்ந்து முறுமுறுக்கிற நாவுகளைக் கட்டும், ஆண்டவரே..."

ஐந்து நிமிடம் போயிற்று. நல்ல குரல். ஏற்றம் இருந்தது, இறக்கம் இருந்தது, கடைசியில் ஒரு தழுதழுப்பும் இருந்தது. முடித்தார். ஆமென் என்றார்கள். பாதிப் பேர்.

கூட்டம் முடிந்தது. தலைமையாசிரியர் அறையில் காப்பியும் வடையும் வந்தன.

"எப்படி டீச்சர் ஜெபம்? ஆலயத்துலயும் என்னைத்தான் கூப்பிடுவாங்க."

"நல்லா இருந்துச்சு. லேப்ல என்ன உடைஞ்சுது?"

"ரெண்டு பீக்கர்."

"யார் பொறுப்புல இருக்கும்போது உடைஞ்சுதுன்னு ஆண்டவருக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"சுகிர்தா டீச்சருக்கு?"

"தெரியும்."

"அப்ப அஞ்சு நிமிஷம் யார்கிட்டப் பேசினீங்க?"

சார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பேர் சொல்லலையே டீச்சர். மூஞ்சிக்கு நேரா சொன்னா மனசு நோகும். அதனால ஜெபத்துல வச்சேன். நாசூக்கா."

"நான் கண்ணை மூடல சார்."

"சரி."

"உங்க ஆசிரியர்கள் நாற்பத்தொரு பேர்ல நாற்பது பேர் மூடல. மணி அடிச்ச பின்னாலன்னு சொன்னீங்க. அத்தனை பேரும் சுகிர்தா டீச்சரைப் பார்த்தாங்க. காலணின்னு சொன்னீங்க. பி.டி. சாரைப் பார்த்தாங்க. நீங்க ஒருத்தர்தான் எதையும் பாக்கல."

சார் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"நாற்பத்தொண்ணாவது ஆள்?"

"தமிழ் ஐயா. கண்ணை நல்லா மூடியிருந்தார். குறட்டை வந்துச்சு."

சார் சிரிக்கவில்லை. சுவரில் தொங்கிய சட்டங்களைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"உங்க பள்ளியில யாரும் இப்படி ஜெபிச்சதே இல்லையா?"

"ஒரு தடவை. நான் பொறுப்புக்கு வந்த வருஷம். கணக்கு சார் ஜெபிக்கிற முறை. கர்த்தாவே, எங்கள் தலைமையாசிரியைக்குக் கேட்கிற செவியைத் தாரும்னார்."

"நீங்க?"

"கண்ணைத் திறந்தேன். இந்தா இருக்கு செவி, சொல்லுங்க சார்ன்னேன்."

"ஜெபத்துக்கு நடுவிலயா?"

"நடுவிலதான்."

"ஆண்டவர்?"

"காத்திருந்தார்."

சார் வடையைத் தொடவே இல்லை.

"அந்தக் கணக்கு சார் இப்ப எங்க?"

"ஜெர்மியாஸ் சார்தான். இன்னைக்கும் என்னைத் திட்டுவார். நேரா."

தெபோராள் டீச்சர் வடையைத் தாளில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை. அதே கூடம். சார் மறுபடியும் ஆசிரியர்களைக் கூட்டியிருந்தார். மேசைமேல் சுகிர்தா டீச்சரின் கடிதம் இருந்தது. தாளாளர் அனுப்பியிருந்தார். சார் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

எல்லாரும் எழுந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள். இன்றைக்கு யாருக்கு விழப்போகிறது என்று தெரியாது.

"இன்னைக்கு சுகிர்தா டீச்சர் ஜெபிக்கட்டும்" என்றார் சார்.

ஒரு பெஞ்சு நகர்ந்த சத்தம் கேட்டது.

சுகிர்தா டீச்சர் அந்தப் பள்ளியில் பதினான்கு வருடம். கணீரென்று பாடம் எடுப்பவர். அன்றைக்கு மெல்லிய குரலில் ஆரம்பித்தார்.

"பிதாவே, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம். எங்கள் தலைமையாசிரியருக்கு..."

நிறுத்தினார். பிறகு வேகமாகச் சொன்னார்.

"விசாரித்து அறிகிற மனதைத் தாரும்."

வேதமுத்து சார் கண்ணைத் திறந்தார்.

அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடமாக ஜெபவேளையில் அவர் பார்க்காத முகங்கள். சாரின் காது சிவந்தது. கோபம் வந்தது. வந்த கோபம் வாய்வரைக்கும் வந்தது. அதை அப்படியே விழுங்கினார்.

"டீச்சர்."

"சார்?"

"நான் இங்கதான் நிக்கேன். என்கிட்டயே சொல்லுங்க."

டீச்சர் மேசைமேல் இருந்த கடிதத்தைப் பார்த்தார்.

"சொல்லுங்க டீச்சர்" என்றார் மறுபடியும்.

"மூணு மாசமா எங்க ஊருக்கு ஏழே கால் பஸ் வர்றதில்ல சார். அடுத்தது எட்டே கால். அது இங்க வந்து சேர ஒன்பது பத்து. அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பதிலாச் சாயங்காலம் ஒரு மணி நேரம் லேப்ல நின்னு சொல்லிக்கொடுக்கேன். பின்தங்கின பிள்ளைங்க இருபத்திரண்டு பேர் நிக்காங்க. பீக்கர் அப்பதான் உடைஞ்சுது. கை தவறி."

"இதை என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீங்க என்கிட்டக் கேக்கலையே சார். ஆண்டவர்கிட்டல்லா சொன்னீங்க."

"ஒரு வார்த்தை பதில் சொல்லக் கூடாதா?"

"ஜெபத்துக்கு நடுவில எப்படி சார் பேசுறது?"

சார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். உட்காரவில்லை.

"எல்லாரும் உக்காருங்க" என்றார். "இப்பப் பேசுங்க."

முதலில் பி.டி. சார் பேசினார். பிறகு தாவரவியல் டீச்சர். பிறகு ஒருவர் பேசும்போதே இன்னொருவர் பேசினார். ஒன்றரை மணி நேரம். சார் நின்றுகொண்டே கேட்டார். இரண்டு இடத்தில் மறுத்துப் பேசினார். ஒரு இடத்தில் தப்பு என் பேரில்தான் என்றார். அந்த வார்த்தை அவருக்குப் புதிது. இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கடைசியில் கால அட்டவணையை எடுத்தார். ஒரு கட்டத்தை அடித்தார்.

"சுகிர்தா டீச்சருக்கு முதல் பீரியட் இனி கிடையாது. அந்த நேரம் பன்னிரண்டாம் வகுப்புக்கு நான் இங்கிலீஷ் எடுக்கேன்."

"நீங்களா சார்?" என்றார் யாரோ.

"ஏன், மறந்தா போச்சு? இருபத்தாறு வருஷம் எடுத்த பாடம்."

முதல் தடவையாக அந்தக் கூடத்தில் சிரிப்பு கேட்டது.

எல்லாரும் எழும்பும்போது தமிழ் ஐயா கையைத் தூக்கினார்.

"சார், இன்னும் ஆமென் சொல்லலையே."

சிரிப்பு கூடிவிட்டது. சார் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசி மணி அடித்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"இருக்கட்டும் ஐயா. திங்கட்கிழமை."

சுகிர்தா டீச்சர் மேசைப் பக்கமாக வந்தார். கடிதத்தை எடுத்தார். நான்காக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஓடினார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

சனிக்கிழமை சார் தேரிக்காட்டுப் பள்ளிக்குப் போனார். தெபோராள் டீச்சர் தரையில் உட்கார்ந்து ஒரு கிழிந்த உலகப் படத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

"கடிதத்தைத் திரும்ப எடுத்துட்டாங்க டீச்சர்."

"தாளாளர் போன் பண்ணினார். அந்த ஓரத்தைப் பிடிங்க."

சார் குனிந்து பிடித்தார். ஆனால் வாய் நிற்கவில்லை.

"இருபத்திரண்டு பிள்ளைங்க டீச்சர்! மூணு மாசமா! தினமும்! எவனுக்கும் தெரியாது. பி.டி. சாருக்கு ஏன் ஷூ இல்லைன்னு தெரியுமா? நம்ம ஓட்டப்பந்தயப் பையனுக்குக் கழட்டிக் கொடுத்துட்டார். அவன் மாவட்டத்துல ரெண்டாவது! நான் அந்த மனுஷனுக்கு ஒழுக்கம் வேணும்னு ஜெபிச்சிருக்கேன். தமிழ் ஐயா விடியக்காலையில விடுதிக்குப் போய்ப் பிள்ளைகளை வாசிக்க வைக்கார். அதான் ஜெபத்துல தூங்குதார். என் பள்ளிக்கூடத்துல டீச்சர்! என் ஆசிரியர்மார்!"

"மெதுவா. அந்தமான் கோணுது."

சார் கையைத் தளர்த்தினார். முகம் மலர்ந்திருந்தது. பிறகு ஏதோ ஞாபகம் வந்து சுருங்கியது.

"ஒரே ஒரு கேள்வி."

"கேளுங்க."

"ஜெபம் பாதியில நிக்குது. திங்கட்கிழமை முடிக்கிறேன்னு சொல்லிட்டேன். எழும்பி நின்னா எனக்கு வாய் வராது டீச்சர். குறை சொல்லியே பழகிட்டேன். எப்படி முடிக்க?"

தெபோராள் டீச்சர் படத்தை உள்ளங்கையால் நீவினார். கடல்களை நீவினார். கரைகளை நீவினார்.

"இப்ப என்கிட்டச் சொன்னீங்களே."

"ஆமா."

"அதைக் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க."