மகுடனை மறைத்த மூன்று பன்றிகள்

முள்ளிமலை அடிவாரத்தில் ஒரு குளம். குளத்துக்கு இரண்டு கரை. கீழ்க்கரை அணிக்குத் தலைவர் குப்பாண்டி என்கிற கரடி. மேல்கரை அணிக்குத் தலைவர் நல்லமுத்து என்கிற நரி.

வருஷா வருஷம் பங்குனி முதல் நாள் இரண்டு கரைக்கும் விளாங்காய் ஆட்டம் நடக்கும். ஜெயித்த கரை கோடை முழுக்க ஊற்றுப் பக்கம் தண்ணீர் குடிக்கும். தோற்ற கரைக்குச் சேற்றுப் பக்கம். சேற்றுப் பக்கத்தில் குடிப்பதென்றால், முதலில் தவளையிடம் மன்னிப்புக் கேட்டு, அது மனம் வைத்து நகர்ந்த பிறகுதான் வாயை வைக்க முடியும்.

ஆட்டம் ஒன்றும் கஷ்டமில்லை. எறிகாரன் கையில் விளாங்காய் இருக்கும். ஓட்டக்காரன் முன்னால் ஓடுவான். எறிந்த காயைப் பிடித்தோ தரையிலிருந்து எடுத்தோ, எதிரணியின் மருத மரத்தைத் தொட்டால் ஒரு புள்ளி. எறிவதற்குள் எறிகாரனைக் கவிழ்த்துவிட்டால் காய் எதிரணிக்குப் போய்விடும்.

நாலு வருஷமாகக் கீழ்க்கரைதான் ஜெயித்துக்கொண்டிருந்தது. எல்லாம் அவர்களுடைய எறிகாரக் குரங்கின் கைராசி என்று காடே பேசியது. அந்தக் குரங்கு ஐப்பசி மழையில் கிளம்பிப் போய்விட்டது. எங்கே? மலைக்கோயில் படிக்கட்டுக்கு. அங்கே தினமும் சுண்டல் கிடைக்கிறதாம்.

குப்பாண்டிக்கு அன்றிலிருந்து தேன்கூட இனிக்கவில்லை. அவர் குட்டி வேறு காலையும் மாலையும் கேட்டது.

"அப்பா, இந்தக் கோடைக்கு நாம தவளைகிட்ட மன்னிப்புக் கேக்கணுமா?"

"அணியை அடியிலிருந்து மாத்துறேன் பாரு," என்றார் குப்பாண்டி.

முதல் வேலையாகப் பேச்சியைக் கூப்பிட்டார். பேச்சி ஒரு மைனா. ஆட்டத்தில் யார் என்ன செய்தார்கள் என்ற கணக்கெல்லாம் அவள் மண்டையில் இருக்கும். அதைச் சும்மா சொல்லமாட்டாள். அவரவர் கணக்கை அவரவர் குரலிலேயே சொல்வாள்.

"நாலு வருஷக் கணக்கைச் சொல்லு பேச்சி."

பேச்சி குரங்கு மாதிரி விலாவைச் சொறிந்துகொண்டாள். "கெக்கெக்கே, எண்பது காய் எறிஞ்சேன், தெரியுமில்ல?" பிறகு கழுத்தை நீட்டி மான் மாதிரி மூச்சு வாங்கினாள். "அறு... அறுபது பிடிச்சேங்க, தாகமா இருக்குங்க."

"மூணு பன்னிக இருக்கே, அதுக?"

பேச்சி வாயைத் திறந்தாள். மூடினாள். "ஒண்ணுமில்லண்ணே. நாலு வருஷத்துல காயைத் தொட்டதே இல்ல. வரும், எறிகாரனுக்கு முன்னால நிக்கும், போகும். பேசி நான் கேட்டதுமில்ல. குரலே தெரியாதப்ப நான் எதைச் சொல்ல?"

"நாலு வருஷமா பூஜ்யமா? தின்ன கிழங்கு எவ்வளவு!" என்று பெருமூச்சு விட்டார் குப்பாண்டி.

தையில் வடக்கு மலையிலிருந்து ஒரு கருங்குரங்கு வந்தான். பெயர் மகுடன். வால் நீளம், கை அதைவிட நீளம், பேச்சு எல்லாவற்றையும்விட நீளம். தன்னைப் பற்றிப் பேசும்போது ‘நான்’ என்றே சொல்லமாட்டான்.

"மகுடன் எறிவான். காடு பார்க்கும்," என்றான். ஒரு விளாங்காயை எடுத்து விட்டான் ஒரு வீச்சு. காய் ஆலமரத்தைத் தாண்டிப் போய் விழுந்தது. விழுந்த இடத்தில் ஒரு உடும்பு திட்டியது மட்டும் லேசாகக் கேட்டது.

குப்பாண்டிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "தம்பி, உனக்கு என்ன வேணும்? கேளு."

"கொழுந்துப் புளியிலை. தினமும். அப்புறம் ஒரே ஒரு நிபந்தனை. மகுடன் எறியும்போது மகுடனுக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. அந்தப் பன்றிகள் மறைக்கின்றன. பின்வரிசையில் இருப்பவர்கள் மகுடனை எப்படிப் பார்ப்பார்கள்?"

குப்பாண்டி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பூஜ்யத்தைக் கழித்தால் என்ன குறையப்போகிறது? பன்றிகளிடம் போய், "நீங்க கிளம்பலாம்மா," என்றார். மூன்றும் அவரைப் பார்த்தன. குளத்தைச் சுற்றிக்கொண்டு மேல்கரைக்கு நடந்தன.

மேல்கரையில் நல்லமுத்து அவர்களை ஏற இறங்கப் பார்த்தது. "சும்மாதானே வர்றீங்க? சரி, நில்லுங்க, நில்லுங்க. நிக்கிறதுக்கு நான் என்ன வாடகையா கேக்கப்போறேன்?"

அந்த மாதம் முழுக்கக் கீழ்க்கரையில் திருவிழாதான். தினமும் பயிற்சி. மகுடன் எறிவான், மான் ஓடும், முயல்கள் கைதட்டும். எதிரே ஆள் இல்லாத பொட்டலில் காய் பறந்துகொண்டே இருந்தது. நாற்பது எறிவு. நாற்பதும் ஆலமரத்துக்கு அந்தப் பக்கம். உடும்பு குடும்பத்தோடு வேறு இடம் பார்த்துப் போய்விட்டது.

"இந்த வருஷம் தவளைக்கு நாம வணக்கம் சொல்ல வேண்டாம்டா மகனே," என்றார் குப்பாண்டி.

மாசிக் கடைசியில் ஒத்திகை ஆட்டம் வந்தது. தோற்றாலும் தண்ணீர் போகாது. மானம் மட்டும்தான் போகும்.

மகுடன் காயை வாங்கினான். பக்கவாட்டில் திரும்பி நின்றான். தாடையை உயர்த்தினான். "மகுடன் எறி..."

அவ்வளவுதான். மூன்று பன்றிகள் அவன்மேல் இருந்தன.

இரண்டாவது முறை தாடையை உயர்த்துவதற்குள் வந்துவிட்டன. மூன்றாவது முறை அவன் கையில் காய் வந்ததா, பன்றி வந்ததா என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. நாலாவது முறை மகுடன் காயோடு மருத மரத்தில் ஏறிவிட்டான்.

"இறங்கு தம்பி!"

"மகுடன் இங்கேயே இருப்பான்."

"இறங்கி எறிப்பா. நானே உன் முன்னால நிக்கிறேன்," என்றார் குப்பாண்டி. மகுடன் அரை மனதோடு இறங்கினான். அவர் முன்னால் போய் நின்றார். காலை அகட்டி, கையை விரித்து, மார்பை முன்னுக்குத் தள்ளி, பார்க்க மலை மாதிரிதான் இருந்தார். பன்றிகள் வந்தன. மலை உருண்டு போய்ச் சேற்றில் விழுந்தது.

சேற்றில் மல்லாந்து கிடந்தபடியே குப்பாண்டி தலையைத் திருப்பினார். இப்போது காய் மேல்கரை எறிகாரனிடம் இருந்தது. அவன் ஒரு காட்டுப்பூனை. அவனுக்கு முன்னால் அதே மூன்று பன்றிகள் நின்றன. கீழ்க்கரையின் கீரியும் முள்ளம்பன்றியும் முட்டிப் பார்த்தார்கள், இடித்துப் பார்த்தார்கள். சுவர் நகரவில்லை. அதற்குப் பின்னால் பூனை என்ன செய்துகொண்டிருந்தான்? முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தான். காதுக்குப் பின்னால் துடைத்துக்கொண்டான். பிறகுதான் நிதானமாக எறிந்தான்.

"அடடா," என்றார் குப்பாண்டி. கொஞ்சம் சேறு வாய்க்குள் போனது. "நம்ம குரங்கும் இப்படித்தானே பேன் பார்த்துக்கிட்டே எறிவான்!"

பதினொன்றுக்குப் பூஜ்யம். ஆட்டம் முடிந்ததும் பேச்சி கிளையில் நின்று பூனைக் குரலில் இழுத்தாள். "மியா, பதினொண்ணும் நானேதான்." பன்றிகளின் முறை வந்தது. வழக்கம்போல வாயைத் திறந்து மூடினாள்.

நல்லமுத்து வாலைச் சுழற்றிக்கொண்டு சிரித்தது. "பூனையோட கை, என்னோட மூளை. வேற என்ன?"

மறுநாள் குப்பாண்டி கோரைப்புல் பக்கம் போனார். பன்றிகள் மூன்றும் படுத்திருந்தன.

"பன்னிகளா, வந்துருங்கம்மா," என்றார்.

நடுவில் இருந்த பன்றி ஒரு கண்ணைத் திறந்தது. "எங்க பேரு என்ன?"

குப்பாண்டி கோரைப்புல்லைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். நாலு வருஷம் கூட இருந்த மூன்று பேர். ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை.

"தெரியாதும்மா," என்றார் கடைசியில். "தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்."

"நான் மூக்காயி. இவ வெள்ளத்தாய். அவ பிச்சம்மா. அவ காதுல கீறல் இருக்கு பாருங்க, அது உங்க குரங்குக்குப் பட வேண்டியது."

"உங்களுக்கு என்ன வேணும் மூக்காயி? கிழங்கா?"

"கிழங்கை நாங்களே தோண்டிக்குவோம். ஆட்டம் முடிஞ்சதும் அந்த மைனா எல்லார் குரல்லயும் பேசுதில்ல? எங்க குரல்லயும் பேசணும். எத்தனை தடவை நின்னோம்னு சொல்லணும்."

"சொல்லச் சொல்றேன்."

"நாங்க வந்துருவோம். நல்லமுத்து விடுமா?"

குப்பாண்டி நேரே நல்லமுத்துவிடம் போனார். பேச்சியைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு போனார். அங்கே ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. "பேச்சி, கணக்கை மட்டும் சொல்லு," என்றார்.

பேச்சி தாடையை உயர்த்தினாள். "மகுடன் பயிற்சியில் நாற்பது எறிந்தான். நாற்பதும் ஆலமரத்தைத் தாண்டின. காடு பார்த்தது."

"பன்னிக?"

"காயைத் தொட்டது பூஜ்யம்."

நல்லமுத்துவின் காது விடைத்தது. "அண்ணே, தம்பி சொல்றேன்னு கோவிச்சுக்கக் கூடாது. மகுடனை வச்சு ஆடுற அளவுக்கு உங்ககிட்ட ஆள் பத்தாது. பாவம், அந்தக் கை வீணாகுது. எங்கிட்ட விட்ருங்க. பதிலுக்கு அந்த மூணையும் ஓட்டிக்கிட்டுப் போங்க. அதுகளும் என் கரை பூராவும் தோண்டிப்போடுதுக."

"யோசிக்கணுமே," என்றார் குப்பாண்டி.

"யோசிக்காதீங்கண்ணே. யோசிச்சா கெட்டுப்போயிரும்!"

அதுவும் நடந்தது. மகுடன் மேல்கரைக்குப் போனதும் சொன்ன முதல் வார்த்தை, "மகுடனுக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது." நல்லமுத்து உடனே சம்மதித்தது. முன்னால் நிற்க அங்கே யாரும் மிச்சமும் இல்லை.

ஆனால் கீழ்க்கரைக்கு இப்போது எறிகாரன் இல்லை. ஆட்டத்துக்கு மூன்று நாள்தான். கை இருக்கிற ஆளாக மிஞ்சியது ஒரே ஒருவன். வேலமரத்துத் தேவாங்கு சடையன். பகலெல்லாம் தூங்குகிறவன். ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குக் கிளம்பினால், போய்ச் சேர்ந்தானா என்று மறுநாள் வந்து பார்க்க வேண்டும்.

"சடையா, நீதான் எறியணும்."

சடையன் உருண்டைக் கண்ணைத் திறந்தான். "இப்... பவேவா?"

"பங்குனி ஒண்ணாந்தேதி."

"அப்ப... சரி. அதுக்குள்ள... எந்திரிச்சிருவேன்."

முயல்கள் தலையில் கைவைத்துக்கொண்டன. குப்பாண்டியின் குட்டி தனியாகப் போய், தவளையிடம் எப்படிப் பேசுவது என்று ஒத்திகை பார்த்தது.

பங்குனி பிறந்தது. பொட்டலைச் சுற்றிக் காடே கூடியது. முதலில் காய் மகுடனுக்கு. அவன் பக்கவாட்டில் திரும்பினான். பின்வரிசை வரைக்கும் அவன் நன்றாகத் தெரிந்தான். அதைவிட நன்றாகப் பன்றிகளுக்குத் தெரிந்தான். பன்றிகள் கிளம்புவதைப் பார்த்ததுமே மகுடன் மரத்தில் இருந்தான்.

"டேய், காயையாவது கீழ போடுடா!" என்று கத்தியது நல்லமுத்து.

"மகுடன் போடமாட்டான்."

நடுவராக இருந்த கிழ ஆமை தலையை வெளியே நீட்டியது. "மரத்தில் ஏறினால் கவிழ்ந்ததாகக் கணக்கு. வேறு காய் எடுத்துக் கீழ்க்கரைக்குக் கொடுங்கள்."

சடையன் காயை வாங்கினான். முன்னால் மூக்காயி, வெள்ளத்தாய், பிச்சம்மா. பூனை பாய்ந்து வந்து மோதினான். திரும்பிப் போய் மறுபடி மோதினான். சடையன் காயைத் திருப்பிப் பார்த்தான். பச்சையாக இருக்கிறதே என்று நினைத்தான் போல. வலப்பக்கம் பார்த்தான். இடப்பக்கம் பார்த்தான். ஒரு கொட்டாவி விட்டான். மான் ஓடிப்போய் மருத மரத்தடியில் நின்று, வந்ததற்குக் கொஞ்சம் புல்லும் மேய்ந்துவிட்டு நிமிர்ந்தது. நல்லமுத்து மூன்று முறை சுற்றிவந்தும் நுழைய இடம் கிடைக்கவில்லை.

"எறியட்டுமா... அக்கா?"

"உன் சௌகரியம் தம்பி," என்றாள் மூக்காயி.

சடையன் இரண்டு கையாலும் காயைத் தள்ளிவிட்டான். அதை எறிதல் என்று யாரும் சொல்லமுடியாது. காய் இரண்டு முறை துள்ளி, உருண்டு, மானின் காலடியில் போய் நின்றது. மான் எடுத்துக்கொண்டு மரத்தைத் தொட்டது.

அன்று அப்படி ஏழு முறை நடந்தது. ஐந்தாவது முறை சடையன் நடுவில் கொஞ்சம் தூங்கிக்கூடப் போனான். வெள்ளத்தாய் வாலால் தட்டி எழுப்பினாள்.

ஏழுக்குப் பூஜ்யம்.

பேச்சி கிளையில் ஏறினாள். மான் குரலில் சொன்னாள். சடையன் குரலில் "ஏ... ழு" என்று சொல்லி முடிப்பதற்குள் பாதிக் கூட்டம் கலைந்தது. பிறகு அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். தொண்டையைத் தாழ்த்தினாள். மூன்று நாளாகக் கோரைப்புல்லில் உட்கார்ந்து பழகிய குரல் அது.

"ஹ்ர்ர்ம்க். மூக்காயி, வெள்ளத்தாய், பிச்சம்மா. ஏழு தடவை நின்னோம். ஏழு தடவையும் நகரலை."

பன்றிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "என் மூக்கு அவ்வளவா அடைச்சிருக்கு?" என்றாள் மூக்காயி. பிச்சம்மா சிரித்துப் புரண்டதில் குப்பாண்டி இன்னொரு முறை சேற்றில் விழுந்தார்.

அந்தக் கோடையில் கீழ்க்கரை ஊற்றுப் பக்கம் குடித்தது. முதல் வாய் பன்றிகளுக்கு. எதிரே சேற்றுப் பக்கத்தில், நல்லமுத்து தினமும் காலையில் வாலை மடக்கிக்கொண்டு, "ஐயா தவளை, கொஞ்சம் மன்னிக்கணும்," என்று கேட்டுக்கொண்டிருந்தது. மருத மரத்தின் மேலிருந்து, "மகுடன் இறங்கலாமா? பன்றிகள் போய்விட்டனவா?" என்று ஒரு குரல் வந்தது. அது மகுடனா பேச்சியா என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

எறிகிற கையை ஊரே பார்க்கும். அந்தக் கைக்கு முன்னால் நிற்கிறவர்களைத் தலைவனாவது பார்க்க வேண்டும்.